இங்கிலீஷ் வினையடை கோளாறு செய்தால்: அறிகுறியைப் பார்த்துத் திருத்தும் வழி

வெள்ளவத்தையில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் டைப் பண்ணிக்கொடுக்கிற வேலை என்னுடையது. சிவி, வேலை விண்ணப்பம், பாடசாலை அதிபருக்குக் கடிதம், வீட்டுச் சொந்தக்காரருக்கு முறைப்பாடு என்று எல்லாம் வரும். டைப் பண்ணும்போதே கண்ணில் படுகிற பிழையையும் திருத்திவிடுவேன், அதற்குத் தனிக் காசு வாங்குவதில்லை. வருகிற தாள்களில் திரும்பத் திரும்பக் கோளாறு கொடுப்பது வினையடைதான், இங்கிலீஷில் அட்வர்ப். எப்படி, எப்போது, எங்கே, எவ்வளவு, எத்தனை தரம் என்று கேட்டால் பதிலாக வருகிற சொல்: ஸ்லோலி, யெஸ்டர்டே, ஹியர், வெரி, ஆல்வேஸ் மாதிரி. இலக்கண விளக்கம் இவ்வளவு போதும்.

இங்கிலீஷ் வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன், வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். எல், வை என்ற இரண்டு எழுத்தில் முடிகிற முடிவை 'லி' என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

## எதைத் தொடுவதற்கும் முன்னால்

முதலில் வாக்கியத்தின் வினையைக் கண்டுபிடித்து அதன்மேல் விரலை வையுங்கள். கடைக்கு வருகிறவர்களில் பலர் முதலில் 'லி'யைத்தான் தேடுகிறார்கள். "அக்கா, லி இருந்தால்தானே வினையடை?" என்று ஏ/எல் முடித்த தம்பிமாரே கேட்கிறார்கள். இல்லை தம்பி. லி இல்லாத வினையடை எக்கச்சக்கம், லி இருந்தும் வினையடை அல்லாதவையும் உண்டு. வினையில் விரலை வைத்துக்கொண்டு மேலே சொன்ன கேள்விகளைக் கேளுங்கள், பதில் சொல்கிற சொல் எதுவோ அதுதான் உங்கள் ஆள். கீழே வருகிற கோளாறுகளில் பாதி இந்த இடத்திலேயே பிடிபடும்.

## அறிகுறி: வாக்கியம் மொட்டையாகக் கேட்கிறது

"ஐ ஸ்பீக் இங்கிலிஷ் குட்." "ஷீ டஸ் ஹர் வேர்க் கெயர்ஃபுல்." சிவியில் மிக அதிகமாக வருவது இதுதான், அதுவும் மொழித் திறமை பற்றி எழுதுகிற இடத்திலேயே வரும்.

காரணம் சின்னது. பெயருக்கு அடையாக வருகிற சொல்லை வினைக்குப் போட்டிருக்கிறீர்கள். சோதிக்கத் தமிழே போதும். தமிழில் "நல்ல" என்று வந்தால் குட், "நன்றாக" என்று வந்தால் வெல். நல்ல இங்கிலீஷ் கதைக்கிறார் என்றால் "ஹீ ஸ்பீக்ஸ் குட் இங்கிலிஷ்", இங்கிலீஷ் நன்றாகக் கதைக்கிறார் என்றால் "ஹீ ஸ்பீக்ஸ் இங்கிலிஷ் வெல்". இரண்டும் சரி, இடம்தான் வேறு.

குட் தவிர்ந்த மற்றச் சொற்களுக்குப் பெரும்பாலும் லி சேர்த்தால் வேலை முடிந்தது: கெயர்ஃபுலி, குவிக்லி, நீட்லி, பொலைட்லி.

சேர்த்த பிறகும் காதில் இடறினால், அது லி ஏற்காத சொல்லாக இருக்கலாம். ஃபாஸ்ட், ஹார்ட், லேட், ஏர்லி, ஸ்ட்ரெய்ட் ஆகியவை அப்படியே நின்று இரண்டு வேலையும் செய்யும். 'ஃபாஸ்ட்லி' என்று ஒரு வினையடை இங்கிலீஷில் கிடையாது. டியூஷன் கொப்பிகளில் மட்டும் ஏனோ சாகாமல் உயிரோடு இருக்கிறது. "ஹீ ரன்ஸ் ஃபாஸ்ட்" போதும். லி இல்லாமல் மனது ஆறாது என்றால் குவிக்லி போடுங்கள்.

"அப்படியென்றால் ரோட்டுப் பலகையில் கோ ஸ்லோ என்று போட்டிருக்கிறதே" என்று யாராவது கேட்பார்கள். அது பிழை இல்லை. ஸ்லோ என்ற சொல்லை அகராதியே வினையடையாகவும் காட்டுகிறது, பேச்சிலும் பலகையிலும் ஓடும். கடிதத்தில் ஸ்லோலி என்றே எழுதுங்கள்.

## அறிகுறி: லி போட்ட பிறகுதான் பிழையாகியிருக்கிறது

இது எங்கள் ஆட்களுக்கென்றே வருகிற கோளாறு, அதனால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மேலே சொன்ன "நன்றாக" சோதனையை நம்பி ஒருவர் எழுதுகிறார்: "தி ஃபூட் டேஸ்டட் டெலிஷியஸ்லி." "ஷீ லுக்ஸ் பியூட்டிஃபுலி." இரண்டும் பிழை. ஆனால் தமிழில் "சாப்பாடு ருசியாக இருந்தது", "அவள் அழகாக இருக்கிறாள்" என்று 'ஆக' வரத்தானே செய்கிறது?

வரும். தமிழ் "இரு" என்ற வினைக்கு முன்னாலும் தாராளமாக 'ஆக' போடும். இங்கிலீஷ் அங்கே லி போடாது. நிலையைச் சொல்கிற வினைகள் சில இருக்கின்றன: பி, பிகம், சீம், லுக், ஃபீல், ஸ்மெல், டேஸ்ட், சவுண்ட். இவற்றுக்குப் பின்னால் வருகிற சொல் வினையைப் பற்றிப் பேசுவதில்லை, முன்னால் நிற்கிற பெயரைப் பற்றியே பேசுகிறது. சாப்பாடு ருசிக்கிற "வேலையை" ருசியாகச் செய்யவில்லை, சாப்பாடே ருசி.

சோதனை: சந்தேகமான வினையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இஸ் அல்லது வாஸ் போட்டு வாசியுங்கள்.

கருத்துப் பெரிதாக மாறவில்லை என்றால் லி வேண்டாம். "தி ஃபூட் வாஸ் டெலிஷியஸ்" சரியாக வருகிறது, ஆகவே "தி ஃபூட் டேஸ்டட் டெலிஷியஸ்". "தி ஃபிஷ் ஸ்மெல்ஸ் பேட்", "யுவர் ஐடியா சவுண்ட்ஸ் குட்" எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

கருத்துக் குழம்பினால் லி வேண்டும். "ஷீ லுக்ட் ஆங்க்ரிலி அட் தி கண்டக்டர்" என்பதை எடுங்கள். 100ஆம் நம்பர் பஸ்ஸில் மிச்சக் காசு தராத கண்டக்டரை முறைத்துப் பார்க்கிறார், அதாவது பார்ப்பது இங்கே ஒரு செயல். "ஷீ வாஸ் ஆங்க்ரிலி அட் தி கண்டக்டர்" என்று போட்டுப் பாருங்கள், வாக்கியம் நொண்டும். ஆகவே லி இருக்கட்டும். ஆனால் முகத்தில் கோபம் தெரிந்தது என்று மட்டும் சொல்வதென்றால் "ஷீ லுக்ட் ஆங்க்ரி". லுக் என்ற ஒரே வினை இரண்டு பக்கமும் போகிறது, அதனால்தான் விரல் வினைமேல் இருக்க வேண்டும் என்று முதலிலேயே சொன்னேன்.

வெல் பற்றி ஒரு சொல். உடம்பு சுகம் என்ற பொருளில் "ஐ ஆம் வெல்" என்பது சரி, அங்கே அது வினையடை இல்லை. அதைக் கண்டு குழம்பி மற்ற இடங்களைக் கலைக்க வேண்டாம்.

## அறிகுறி: சொல் சரி, பொருள் தலைகீழ்

ஆபத்தானது இதுதான். எழுத்துப்பிழை இல்லை, வேர்டில் சிவப்புக் கோடும் விழாது. ஆனால் நேர்முகப் பரீட்சையில் எதிரே இருப்பவர் சிரிப்பை அடக்கிக்கொள்வார்.

"இன் மை லாஸ்ட் ஜொப் ஐ ஹார்ட்லி வேர்க்ட்." எழுதியவர் சொல்ல வந்தது, கடுமையாக உழைத்தேன். வாசிப்பவருக்குக் கிடைப்பது, வேலை செய்ததே அபூர்வம். கடுமையாக என்றால் ஹார்ட் மட்டும், அதுவும் வினைக்குப் பின்னால்: "ஐ வேர்க்ட் ஹார்ட்."

இப்படி லி சேர்ந்ததும் வேறு ஆளாகிவிடுகிற சொற்கள் கொஞ்சம்தான், மனப்பாடம் செய்தாலே போதும். லேட் என்றால் பிந்தி, லேட்லி என்றால் அண்மைக் காலமாக. நியர் என்றால் கிட்ட, நியர்லி என்றால் கிட்டத்தட்ட. ஹை என்றால் உயரத்தில், ஹைலி என்றால் மிகவும். ஷோர்ட்லி என்றால் சீக்கிரத்தில். ஃப்ரீ என்றால் இலவசமாக, ஃப்ரீலி என்றால் தடையில்லாமல். "சில்ட்ரன் டிராவல் ஃப்ரீலி" என்று நோட்டீஸ் அடித்துவிட்டு டிக்கெட் கேட்டால் சண்டை பிடிக்கவும் முடியாது.

அறிவித்தல்களில் ஒன்லி இன்னொரு தொல்லை. கடைக்காரர் ஒருவர் "வீ அக்செப்ட் கேஷ் ஒன்லி ஆன் ஃப்ரைடேஸ்" என்று எழுதிக்கொண்டு வந்தார். வெள்ளிக்கிழமையில் காசு மட்டும்தானா, அல்லது காசு வாங்குவதே வெள்ளிக்கிழமைதானா? இரண்டு விதமாகவும் வாசிக்கலாம். எந்தச் சொல்லை மட்டுப்படுத்த வேண்டுமோ அதற்கு முன்னால், ஒட்டினாற்போல ஒன்லியை வையுங்கள்: "ஆன் ஃப்ரைடேஸ் வீ அக்செப்ட் ஒன்லி கேஷ்."

## அறிகுறி: லி இருக்கிறது, ஆனால் வினையோடு ஒட்டவில்லை

"ஹீ டோக்ட் டு மீ ஃப்ரெண்ட்லி." ஃப்ரெண்ட்லி, லவ்லி, லோன்லி, சில்லி, அக்லி, எல்டர்லி, கோஸ்ட்லி எல்லாம் பெயருக்கு முன்னால் நிற்கிற சொற்கள், வினையடை அல்ல. சோதனை: சொல்லின் கடைசியில் இருக்கிற லியை வெட்டுங்கள். மிச்சம் ஒரு பெயர்ச்சொல்லாக இருந்தால், ஃப்ரெண்ட் மாதிரி, லவ் மாதிரி, சந்தேகப்படுங்கள். லோன்லி, சில்லி, அக்லி இந்தச் சோதனைக்கு அகப்படாது, அவற்றைத் தெரிந்துதான் வைத்துக்கொள்ள வேண்டும். திருத்துவது சுலபம்: "ஹீ டோக்ட் டு மீ இன் எ ஃப்ரெண்ட்லி வே."

டெய்லி, வீக்லி, மந்த்லி, ஏர்லி இரண்டு பக்கமும் ஆடும். டெய்லி மிரர் என்கிற பத்திரிகைப் பெயரில் டெய்லி பெயரடை, "தி பேப்பர் கம்ஸ் டெய்லி" என்றால் வினையடை. இவற்றைத் தொடாதீர்கள், அப்படியே சரி.

## அறிகுறி: எல்லாச் சொல்லும் சரி, ஆனாலும் எங்கோ இடிக்கிறது

இடம் பிழை. எந்த வினையடை என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது.

எத்தனை தரம் என்று சொல்கிற ஆல்வேஸ், யூஷுவலி, ஓஃபன், நெவர் என்றால் முக்கிய வினைக்கு முன்னால் வைக்க வேண்டும். "ஐ கோ ஆல்வேஸ் பை டிரெய்ன்" இல்லை, "ஐ ஆல்வேஸ் கோ பை டிரெய்ன்". வினை ஆம், இஸ், ஆர், வாஸ் என்று இருந்தால் அதற்குப் பின்னால்: "தி டிரெய்ன் இஸ் ஆல்வேஸ் லேட்". துணைவினை இருந்தால் முதல் துணைவினைக்கு அடுத்து: "ஐ ஹேவ் நெவர் பீன் டு ஜாஃப்னா".

வெரி மச், வெல் போன்றவை என்றால், வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் நடுவில் புகுந்திருக்கிறதா என்று பாருங்கள். "ஐ லைக் வெரி மச் கொத்து" என்பதில் லைக்கையும் கொத்தையும் பிரித்துவிட்டீர்கள். "ஐ லைக் கொத்து வெரி மச்." "ஐ வெரி லைக்" என்று முன்னால் கொண்டுபோவதும் கூடாது, வெரி தனியாக வினையில் ஒட்டாது.

எப்படி, எங்கே, எப்போது மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்தால், தமிழ் வரிசையை அப்படியே தலைகீழாக்குங்கள், பெரும்பாலும் சரிவரும். "நேற்றுக் கெத்தாராமவில் நன்றாக விளையாடினார்கள்" என்பதைப் பின்னாலிருந்து வாசித்துக்கொண்டு வாருங்கள்: "தே ப்ளேய்ட் வெல் அட் கெத்தாராம யெஸ்டர்டே." நேரத்தைச் சொல்கிற சொல்லை வாக்கியத்தின் தொடக்கத்துக்குக் கொண்டுபோகலாம். நடுவில் மட்டும் திணிக்க வேண்டாம்.

## அறிகுறி: 'இன்னும்' வருகிற வாக்கியமெல்லாம் குழம்புகிறது

"தி பார்சல் இஸ் நொட் கம் ஸ்டில்." முறைப்பாட்டுக் கடிதங்களில் இது வழமை. நாங்கள் எல்லாவற்றுக்கும் இன்னும் என்றே சொல்லிவிடுகிறோம், இங்கிலீஷில் பிரித்துப் போட வேண்டும்.

நடந்துகொண்டே இருக்கிறது என்றால் ஸ்டில்: "இட் இஸ் ஸ்டில் ரெய்னிங்." நடக்கவில்லை, எதிர்பார்க்கிறேன் என்றால் யெட், வாக்கியத்தின் கடைசியில்: "தி பார்சல் ஹாஸ் நொட் கம் யெட்." மேலதிகமாக ஒன்று என்றால் மோர்: "ஒன் மோர் டீ." நடக்கவில்லை, அதோடு பொறுமையும் போய்விட்டது என்றால் ஸ்டில்லைத் துணைவினைக்கு முன்னால் வைக்கலாம்: "தி பார்சல் ஸ்டில் ஹாஸ் நொட் கம்." இதில் கோபம் தெரியும். முதல் கடிதத்தில் யெட், மூன்றாவது கடிதத்தில் ஸ்டில் என்று நான் போட்டுக்கொடுப்பது வழக்கம்.

நேரச் சொற்களையும் இங்கேயே பார்த்துவிடுவோம். "டுடே மோர்னிங்", "யெஸ்டர்டே நைட்" இரண்டையும் மாற்றுங்கள்: "திஸ் மோர்னிங்", "லாஸ்ட் நைட்". "யெஸ்டர்டே மோர்னிங்" மட்டும் சரி. ஏன் என்று கேட்காதீர்கள், பழக்கம் அப்படி.

## அறிகுறி: இல்லை என்பது இரண்டு தரம் வருகிறது

"ஐ டிடன்ட் நெவர் சீ ஹிம்." தமிழில் "ஒருபோதும் பார்க்கவில்லை" என்று சொல்லிப் பழகியதால் வருவது. நெவர், ஹார்ட்லி, ஸ்கெயர்ஸ்லி, ரெயர்லி இவற்றுக்குள்ளேயே இல்லை இருக்கிறது. நொட்டைக் கழற்றிவிடுங்கள்.

## அறிகுறி: அளவு கூடிவிட்டது

"மோர் ஃபாஸ்டர்", "மோர் பெட்டர்". ஒன்று போதும், ஃபாஸ்டர், பெட்டர். லி சொற்களுக்குப் பெரும்பாலும் மோர்: "மோர் ஸ்லோலி", "மோர் கெயர்ஃபுலி". ஏர்லி விதிவிலக்கு, ஏர்லியர்.

டூ என்பதை வெரிக்குப் பதிலாகப் பாவிக்கிறீர்களா என்றும் பாருங்கள். "தி ரூம் இஸ் வெரி பிக்" என்றால் பெரிய அறை. "தி ரூம் இஸ் டூ பிக்" என்றால் தேவைக்கு மேல் பெரிது, எனக்குச் சரிவராது. வாடகைக்கு வீடு பார்க்கிறவர் இரண்டாவதை எழுதினால் புரோக்கர் வேறு வீடு காட்டப் போய்விடுவார்.

## அறிகுறி: லி சேர்த்ததும் எழுத்துப்பிழை

கடைசி எழுத்தைப் பாருங்கள். வை என்றால் ஐ ஆக்கிவிட்டு லி: ஹாப்பிலி, ஈஸிலி. மெய்யெழுத்துக்கு அடுத்து எல்-ஈ வந்தால் ஈயை எடுத்துவிட்டு வை மட்டும்: ஜென்ட்லி, சிம்ப்லி, ப்ரொபப்லி. ஐ-சி என்றால் நடுவில் ஏ-எல் வரும், பேசிக்கலி மாதிரி; பப்ளிக்லி மட்டும் வராது. ஏற்கனவே எல் இருந்தால் இரண்டு எல். ஈ இருந்தால் பெரும்பாலும் அப்படியே விடுங்கள். ட்ரூலி, டியூலி, ஹோலி (முழுவதும் என்ற பொருளில்) மூன்றிலும் ஈ போய்விடும்.

இந்த விதிகள் எல்லாம் கூடி விழுகிற இடம் கடிதத்தின் அடி. யுவர்ஸ் சின்சியர்லியில் ஈயை விழுங்கிவிடுவார்கள், யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலியில் ஒரு எல் போதும் என்று விட்டுவிடுவார்கள். பெயர் தெரியாமல் டியர் சர் அல்லது மேடம் என்று தொடங்கினால் ஃபெய்த்ஃபுலி, பெயர் போட்டுத் தொடங்கினால் சின்சியர்லி. பெரிய எழுத்து யுவர்ஸுக்கு மட்டும்.

"தினமும்" என்ற பொருளில் எவ்ரி டே இரண்டு சொல், "ஒருவேளை" என்ற பொருளில் மேபி ஒரே சொல். சிவப்புக் கோடு இந்த இரண்டையும் பிடிப்பது அபூர்வம்.

## எப்போது வேறு ஆளிடம் போவது

மேலே உள்ளவற்றுக்குச் செலவு கிடையாது. சந்தேகமான சொல்லைக் கேம்பிரிட்ஜ் அல்லது ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியில் ஃபோனிலேயே இலவசமாகத் தேடலாம், சொல்லுக்கு அடுத்தே வினையடையா பெயரடையா என்று போட்டிருக்கும். கொழும்பு பொது நூலகத்திலும் இலக்கணப் புத்தகங்கள் இருக்கின்றன.

ஆசிரியரிடம் போக வேண்டிய கட்டம் இரண்டு. வாக்கியத்தை நெவர், ஹார்ட்லி, நோ சூனர் என்று தொடங்க வேண்டி வந்தால், சொல் வரிசையே கேள்வி மாதிரி புரளும்: "நெவர் ஹேவ் ஐ சீன்". இதைத் தாளில் படித்து வராது, ஒருவர் திருத்தத் திருத்தத்தான் வரும். இரண்டாவது, ஐஎல்டிஎஸ் என்ற இங்கிலீஷ் பரீட்சையின் எழுத்துப் பகுதியில் புள்ளி ஒரே இடத்தில் நின்றால். அதில் 4 அளவுகோல்கள், ஒவ்வொன்றுக்கும் சம பங்கு, இலக்கணம் ஒன்று, சொல்வளம் ஒன்று. வினையடைப் பிழை இரண்டிலும் வெட்டும். அல்ஃபிரட் ஹவுஸ் கார்டன்ஸில் பிரிட்டிஷ் கவுன்சில் வகுப்பு இருக்கிறது, அக்கம்பக்கத்து டீச்சரும் போதும். யாரிடம் போனாலும் வெறுங்கையோடு போகாமல், பிழைவிட்ட தாள்களைக் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் முதல் மாதக் காசு ஏ, பி, சியிலேயே முடியும்.

சட்டத்தரணியிடம் போக வேண்டிய கட்டம் ஒன்றே ஒன்று. கடனுக்குப் பிணை நிற்கிற பத்திரம் அல்லது வீட்டு ஒப்பந்தத்தில் "ஜொயின்ட்லி அண்ட் செவரலி" என்று இருந்தால், செவரலி என்பதைப் பல தரம் என்று நினைத்துவிடாதீர்கள். சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு என்று பொருள், அதாவது மற்றவர் கட்டாவிட்டால் முழுத் தொகையையும் உங்கள் ஒருவரிடமே கேட்கலாம். ஃபோர்த்வித் என்றால் உடனடியாக, அடுத்த மாதம் இல்லை. இப்படிப்பட்ட தாளில் நான் ஒரு கொமாவைக்கூட மாற்ற மாட்டேன். கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடைப் பகுதியில் ஒரு சட்டத்தரணியிடம் அல்லது உங்களுக்குத் தெரிந்த நொத்தாரிசிடம் காட்டுங்கள், அதுவும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்.